மேஸ்திரியின் விசில்

வீட்டுக்குத் தளம் போடும் நாளில் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்குக் கணினிச் சிப் எப்படி ஓடுகிறது என்பது பாதி தெரிந்தது மாதிரிதான். கீழே கலவை எந்திரம் உருளும். அங்கிருந்து சாரத்தின் வழியாக மாடி வரை ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கலவைச் சட்டி கைக்குக் கை மாறி மேலே போகும், காலிச் சட்டி கீழே வரும். பெரிய கட்டடங்களுக்குப் பம்ப் வந்துவிட்டாலும் சின்ன வீடுகளுக்கு இன்னும் சட்டிதான். மேஸ்திரி ஒரு விசில் வைத்திருக்கிறார், ஒரு விசிலுக்கு ஒரு கைமாற்றம் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். அடுத்த விசில் வருவதற்குள் ஒவ்வொருவரும் சட்டியை வாங்கி, திரும்பி, பக்கத்து ஆளிடம் கொடுத்தாக வேண்டும். வரிசையில் இருபது பேர் எமகாதகர்களாக இருக்கலாம். இருபத்தோராவது ஆள் கொஞ்சம் நிதானமானவர் என்றால் விசிலின் வேகம் அவர் கையில்தான் இருக்கிறது.

சிப்புக்குள் இருக்கும் கிளாக் என்பது இந்த விசில்தான். 2 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு விநாடிக்கு 200 கோடி விசில். ஒவ்வொரு விசிலுக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் தங்கள் கையில் இருக்கும் பூஜ்ஜியத்தையோ ஒன்றையோ அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். அதில் மிக நீளமான, மிக மெதுவான பாதை எதுவோ அதுதான் மொத்தச் சிப்பின் வேகத்தையும் கட்டிப்போடுகிறது. அதற்கு மேல் விசில் ஊதினால் எங்கோ ஒரு சட்டி கை தவறும். கணக்கு பிழையாகும். திரையில் விளையாட்டு உறைந்து நிற்கும், அல்லது கலர் கலராகப் பொட்டு தெறிக்கும், அல்லது விண்டோஸின் நீலத்திரை வந்து முகத்தில் அறையும்.

நல்ல மேஸ்திரி ஆட்களின் முழு வேகத்துக்கு விசில் ஊத மாட்டார். உச்சி வெயில் வரும், கை களைக்கும், சாயங்காலம் வரை வேலை இருக்கிறது. கொஞ்சம் விட்டுப்பிடிப்பார். சிப் செய்பவர்களும் அப்படித்தான். ஒரே சிலிக்கான் வட்டில் பக்கத்தில் பக்கத்தில் பிறந்த சிப்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று குறைந்த மின்னழுத்தத்திலேயே துள்ளும், இன்னொன்று முக்கும். எல்லாவற்றையும் சோதித்து, தரம் பிரித்து, எவ்வளவு சூட்டிலும் எத்தனை ஆண்டு ஓடினாலும் பிழை வராத ஒரு வேகத்தைக் கண்டு, அதையும் சற்றுக் குறைத்து அட்டைப்பெட்டியில் அச்சிடுகிறார்கள். அச்சிட்ட வேகத்துக்கும் சிப்பால் உண்மையில் முடிகிற வேகத்துக்கும் நடுவே ஒரு கையிருப்பு இருக்கிறது. ஓவர்கிளாக்கிங் என்பது அந்தக் கையிருப்பில் கை வைப்பது. இந்த அத்தியாயம் முழுக்க நான் கேட்கப்போவது ஒரே கேள்வி: அந்தக் கையிருப்பு யாருடையது? செய்தவருடையதா, காசு கொடுத்து வாங்கியவருடையதா?

1998 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்றொரு மலிவுச் சிப்பை 149 டாலருக்கு வெளியிட்டது. பெயரில் உள்ளபடி 300 மெகாஹெர்ட்ஸ். அன்றைக்கு உச்சியில் இருந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 சிப்பின் விலை 669 டாலர். மதர்போர்டின் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு மாற்றினால் போதும், இந்த ஏழைச் செலரான் 450 மெகாஹெர்ட்ஸில் அலட்டிக்கொள்ளாமல் ஓடியது. எல்லாச் சிப்பும் இல்லை, ஆனால் பெரும்பாலானவை. ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு ஓவர்கிளாக்கிங் என்ற பைத்தியம் பிடித்தது இப்படித்தான். இன்டெல் ஏமாந்துவிட்டது என்று அதைச் சொல்ல மாட்டேன். தரமான சிப்கள் நிறைய விளைந்துவிட்டன, சந்தையோ மலிவுச் சிப் கேட்டது. நல்ல அரிசியை ரேஷன் மூட்டையில் கட்டி விற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அதற்குள் இன்னொரு கூட்டமும் கிளம்பியிருந்தது. குறைந்த வேகச் சிப்பின் மேலிருக்கும் எழுத்தைச் சுரண்டிவிட்டு, கூடுதல் வேகத்தை அச்சிட்டு விற்கும் கூட்டம். பஸ் வேகத்தின் எத்தனை மடங்கில் சிப் ஓட வேண்டும் என்று சொல்லும் பெருக்குக் காரணியை இன்டெல் பூட்டியதற்கு இந்த மோசடி ஒரு முக்கியக் காரணம். பிற்பாடு பூட்டு இல்லாத சிப்களை, பெயரின் கடைசியில் ‘கே’ என்ற எழுத்தைச் சேர்த்து, கூடுதல் விலைக்கு விற்கவும் தெரிந்துகொண்டது. கையிருப்பு ஒரு விற்பனைச் சரக்காகிவிட்டது.

மேசைக் கணினியில் இந்தக் கதை ஏறக்குறைய சுபமாகவே போனது. லேப்டாப்பில்தான் சிக்கல். காரணம் இயற்பியலில் இருக்கிறது.

வரிசை ஆட்களை வேகமாக வேலை வாங்க வேண்டுமானால் விசிலை மட்டும் மாற்றினால் போதாது, ஆட்களுக்குத் தெம்பும் வேண்டும். சிப்புக்குத் தெம்பு மின்னழுத்தம். வோல்ட்டைக் கூட்டினால் டிரான்சிஸ்டர் சட்டென்று மாறும். ஆனால் சிப் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்ட்டின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட, வோல்ட்டை ஐந்து சதவீதம் கூட்டினோம் என்று வையுங்கள். 1.10ஐ 1.05ஆல் இருமுறை பெருக்கினால் 1.21. பத்து சதவீத வேகத்துக்கு இருபத்தொரு சதவீதக் கூடுதல் மின்சாரம். அந்த மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 100 வாட் சிப் 121 வாட் அடுப்பாகிறது.

மேசைக் கணினிப் பெட்டியில் 21 வாட்டை ஒரு கூடுதல் விசிறி ஊதித் தள்ளிவிடும். லேப்டாப்பின் தடிமன் இரண்டு விரல்கடை. உள்ளே பிராசஸருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் மேலாக, தட்டையாக அழுத்தப்பட்ட செப்புக் குழாய்கள் ஓடும். பலர் அவற்றைத் திடமான செம்புக் கம்பி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே கூடு. அதில் சில சொட்டுத் தண்ணீர், காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட வெற்றிடம். அழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் நூறு டிகிரி வரை காத்திருக்காது. சிப் சுடத் தொடங்கியதும் ஆவியாகி, குழாயின் மறுமுனையில் விசிறிக் காற்றுபடும் தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு நீராகி, குழாயின் உள்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் வழியாக, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் திரும்பி வரும். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் விண்வெளிப் பயன்பாட்டை மனத்தில் வைத்துச் செய்து காட்டிய கருவி இது. இன்றைக்குப் பையன்கள் மடியில் வைத்துக்கொண்டு ஷூட்டிங் கேம் ஆடுகிறார்கள். இந்தக் குழாய்க்கு ஒரு வரம்பு உண்டு. அளவுக்கு மீறிச் சூடேறினால் ஆவியாகும் வேகத்துக்குத் தண்ணீரால் திரும்பி வர முடியாமல் சூடான முனை வறண்டுபோகும். அதன்பிறகு அது வெறும் செப்புக் கூடு.

இன்னொன்று, லேப்டாப்பில் இந்தக் குழாய்கள் பொதுச்சொத்து. கிராபிக்ஸ் சிப்பின் சூடு அதே குழாய் வழியாகப் பிராசஸருக்கும் வரும். நான்கு விரல் தள்ளி லித்தியம் பேட்டரி படுத்திருக்கும். கூட்டுக்குடும்பத்துக் குளியலறை மாதிரி, ஒருவர் கூடுதல் நேரம் எடுத்தால் மற்றவர் வேலை கெடும்.

ஆகவே லேப்டாப்பின் கையிருப்பில் பெரும்பகுதியை உற்பத்தியாளர் நம் கைக்கு வருமுன்னரே செலவழித்துவிடுகிறார். பெரும்பாலான நேரம் சிப்பைத் தடுத்து நிறுத்துவது அதன் திறமையின் எல்லை இல்லை, அதற்கு ஒதுக்கப்பட்ட வாட் கணக்கு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் அட்டை மேசைக் கணினியில் 450 வாட் வரை தின்னும். அதே பெயரில் லேப்டாப்பில் வருவது அதிகபட்சம் 175 வாட். உள்ளே இருக்கும் சிப்பே வேறு. மேசை அட்டையில் 16,384 கணிப்புக் கருக்கள், லேப்டாப்பில் 9,728. இதற்கும் அதற்கும் ஒரே எண்ணைச் சூட்டியதை நான் விளம்பர சாமர்த்தியம் என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். போதாததற்கு, ஒரே பெயருள்ள லேப்டாப் சிப்புக்கு ஒரு நிறுவனம் 80 வாட் ஒதுக்கும், இன்னொன்று 150 ஒதுக்கும். பெயரில் சின்னதான சிப் வயிறார மின்சாரம் கிடைத்தால், பட்டினி கிடக்கும் பெரிய சிப்பை முந்திவிடுவதும் உண்டு. வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், வாட்டைக் கேளுங்கள்.

இந்தப் பின்னணியோடு 2015ஆம் ஆண்டுக்குப் போவோம்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் என்விடியா வெளியிட்ட 347 வரிசை டிரைவர்களை, அதாவது கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளை, நிறுவிய லேப்டாப்காரர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஓவர்கிளாக் மென்பொருளில் வேகத்தைக் கூட்டும் குமிழ் நகர மறுத்தது. ஜிடிஎக்ஸ் 970எம், 980எம் வைத்திருந்தவர்கள்தான் அதிகம் கொதித்தார்கள். 980எம் என்பது மேசைக் கணினிக்கான 980 அட்டையில் இருந்த அதே ஜிஎம் 204 சிப். 2,048 கருக்களில் 1,536ஐ மட்டும் திறந்துவிட்டு, அடிப்படை வேகத்தை 1,126 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,038க்கு இறக்கியிருந்தார்கள். மேக்ஸ்வெல் என்ற அந்தத் தலைமுறைச் சிப்கள் சிக்கனத்துக்குப் பேர்போனவை. கையிருப்பு தாராளமாக இருந்தது. நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கூட்டினாலும் பல லேப்டாப்கள் முனகாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே இரவில் அது போய்விட்டது.

பிப்ரவரியில் நிறுவனம் கொடுத்த விளக்கம்தான் எரிகிற நெருப்பில் எண்ணெய். லேப்டாப்பில் ஓவர்கிளாக் செய்ய முடிந்ததே டிரைவரில் தவறுதலாக நுழைந்துவிட்ட ஒரு பிழை. இப்போது பிழையைச் சரிசெய்திருக்கிறோம். லேப்டாப் அதற்காக வடிவமைக்கப்பட்டதில்லை. சூடும் மின்சுற்றும் தாங்காமல் கருவி பழுதாகலாம், ஆயுள் குறையலாம் என்ற ரீதியில் இருந்தது அது. பல ஆண்டுகளாக வேலை செய்த ஒரு வசதியைப் பிழை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சில லேப்டாப் நிறுவனங்களே ஓவர்கிளாக் வசதியை விளம்பரத்தில் போட்டு விற்றுக்கொண்டிருந்தன. போதாக்குறைக்கு, மேசைக் கணினிக்கான ஜிடிஎக்ஸ் 970 அட்டையின் 4 ஜிபி நினைவகத்தில் அரை ஜிபி மட்டும் மிக மெதுவாக ஓடுகிறது என்ற விவகாரம் அந்த ஜனவரியில்தான் வெடித்திருந்தது. நிறுவனத்தின் பெயர் ஏற்கெனவே சந்தி சிரித்துக்கொண்டிருந்தது. சில நாள்களில் என்விடியா இறங்கி வந்தது. வசதியைத் திருப்பித் தருகிறோம், அடுத்த மாத டிரைவரில் வரும் என்றது. மார்ச்சில் வந்தது.

இந்தச் சம்பவத்தை வாடிக்கையாளர் வெற்றி என்று கொண்டாடி எழுதியவர்கள் உண்டு. எனக்கு நிறுவனத்தின் பயமும் புரிகிறது. ஏழு ஆண்டு பின்னோக்கிப் போனால் அந்தப் பயத்தின் ஊற்றுக்கண் தெரியும்.

2008 ஜூலையில் இதே என்விடியா, லேப்டாப் கிராபிக்ஸ் சிப்களில் வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையில் பழுது வருவதாகவும், வாரண்டிச் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கப்போவதாகவும் அறிவித்தது. சிலிக்கான் பழுதில்லை. சிலிக்கானையும் அதன் அடித்தட்டையும் பிணைக்கும் கடுகுக்கும் சிறிய ஈயப் பொட்டுகளும், அவற்றைச் சுற்றி நிரப்பும் பிசினும்தான் பலவீனம். சூடேறினால் எல்லாப் பொருளும் விரியும். ஆனால் அந்த அடித்தட்டு சிலிக்கானைவிட ஐந்தாறு மடங்கு அதிகம் விரியும். லேப்டாப்பைத் திறக்கிறோம், விளையாடுகிறோம், மூடுகிறோம். சூடு, குளிர், சூடு, குளிர். ஒவ்வொரு முறையும் அந்தப் பொட்டுகளை இரு பக்கமும் இழுத்து விடுகிறோம். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பது எப்படியோ அப்படி ஒருநாள் பொட்டில் விரிசல் விழும், திரை இருளும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் ‘சிப் லெவல் சர்வீஸ்’ என்று போர்டு வைத்த கடைகளுக்கு ரீபாலிங் என்ற சொல்லோடு நல்ல பழக்கம் உண்டு. பழைய ஈயப் பொட்டுகளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பது. அதுவும் சிப்புக்கும் போர்டுக்கும் நடுவில் உள்ள பெரிய பொட்டுகளுக்குத்தான். உள்ளே சிலிக்கானுக்கு அடியில் விரிசல் விட்டால் சூடுகாட்டி உயிர்ப்பித்தாலும் சில வாரத்துக்குத்தான்.

இதில் பயனர் யாரும் ஓவர்கிளாக் செய்திருக்கவில்லை. வெறும் அன்றாடச் சூட்டுக்கே அந்த நிலைமை.

சூட்டின் இன்னொரு வேலை இன்னும் நுணுக்கமானது. சிப்புக்குள் ஓடும் உலோக இழைகளில் மின்னோட்டம் பாயும்போது எலக்ட்ரான்கள் அணுக்களை இடித்துக்கொண்டே போகும். ஆறு கரையை அரிப்பது மாதிரி, ஓரிடத்தில் உலோகம் அரித்துக் குழியாகும், வேறோர் இடத்தில் மண்ணடித்து மேடாகும். ஒருநாள் இழை அறுந்துபோகும். மோட்டரோலாவில் இருந்த ஜேம்ஸ் பிளாக் 1969இல் இதற்கு ஒரு சமன்பாடு கொடுத்தார். மின்னோட்ட அடர்த்தி இரட்டித்தால் இழையின் ஆயுள் கால்வாசியாகும். வெப்பநிலை ஏற ஏற ஆயுள் அதைவிட மோசமாகச் சரியும். 80 டிகிரியில் ஓடும் சிப்பை 90 டிகிரிக்குக் கொண்டுபோனால், பொதுவாக எடுத்துக்கொள்ளும் மதிப்புகளைப் போட்டுக் கணக்குப் பார்க்கையில், ஆயுள் ஏறக்குறைய பாதி. பாதி என்றதும் பதற வேண்டாம். முப்பது ஆண்டில் பாதி பதினைந்து. அதற்குள் அந்த லேப்டாப் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். நான்கு ஆண்டில் பாதி என்றால்தான் வாரண்டிக் காலம் பக்கத்தில் வந்து நிற்கிறது.

வாரண்டி என்ற காகிதத்தை நாம் நம்பிக்கைப் பத்திரமாகப் படிக்கிறோம். கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு அது ஒரு பந்தயச் சீட்டு. விற்ற ஆயிரத்தில் இத்தனை திரும்பி வரும் என்று கணித்து, ஒவ்வொரு விற்பனையிலும் சிறு தொகையை எடுத்து வைக்கிறார்கள். வாங்கியவர் விசில் வேகத்தை மாற்றினால் கணிப்பு கெடும். மேசைக் கணினியில் கெட்டால் ஓர் அட்டை போகும். அட்டைக்குத் தனி வாரண்டி, பிராசஸருக்குத் தனி வாரண்டி. இன்றைய லேப்டாப்பில் பிராசஸர், கிராபிக்ஸ் சிப், மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் சுற்று எல்லாம் ஒரே போர்டில் ஈயம் வைத்து ஒட்டியவை. ஒன்று போனால் முழு மதர்போர்டையும் மாற்ற வேண்டும். அந்த ஒரு பில் பல நேரம் லேப்டாப் விலையில் பாதியை எட்டும்.

அதற்காக நிறுவனங்கள் ஓவர்கிளாக்கிங் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இல்லை. வேடிக்கையே அங்குதான். இன்டெல் தன் இணையதளத்தில் எக்ஸ்டியூ என்ற ஓவர்கிளாக் மென்பொருளை இலவசமாகத் தருகிறது, அதன் போட்டியாளரான ஏஎம்டி ரைசன் மாஸ்டரைத் தருகிறது. திறந்ததும் வரும் எச்சரிக்கைப் பெட்டியில், குறித்த அளவுக்கு மேல் ஓட்டுவதால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று எழுதியிருக்கிறது. நாமும் படிக்காமல் சரி என்பதை அழுத்துகிறோம். கத்தியைக் கையில் கொடுத்துவிட்டு, கீறினால் என்னிடம் வராதே என்பதுபோல. இன்டெல் ஒரு கட்டத்தில் இந்த ஆபத்துக்கே விலை போட்டது. 2012இல் சுமார் 20 முதல் 35 டாலர் கட்டணத்தில் ஒரு திட்டம். ஓவர்கிளாக் செய்து சிப்பைக் கொன்றால் ஒருமுறை, கேள்வி கேட்காமல், வேறு தருவோம் என்றது. மேசைக் கணினிச் சிப்களுக்கு மட்டும். 2021இல் வாங்குவோர் குறைந்துவிட்டார்கள் என்று நிறுத்திவிட்டது. லேப்டாப்புக்கு அப்படியொரு காப்பீட்டை இன்டெல் போட்டதே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, நாம் ஓவர்கிளாக் செய்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? டிரைவர் வழியாகக் குமிழை நகர்த்தியிருந்தால் பெரும்பாலும் தெரியாது. மீட்டமைத்துவிட்டால் சுவடு இருக்காது. கிராபிக்ஸ் சிப்போடு நிலையாகப் பதிந்த பயாஸ் மென்பொருளையே மாற்றி எழுதியிருந்தால் சுவடு இருக்கும். அதைவிட அழுத்தமான சாட்சியும் உண்டு. 2023இல் வந்த ஏஎம்டியின் திரெட்ரிப்பர் 7000 வரிசைப் பணிநிலையச் சிப்களில் ஒரு நுண்ணிய ஃபியூஸ் இருக்கிறது. ஓவர்கிளாக் வசதியை முதல்முறை இயக்கியதுமே அது எரிந்துவிடும். திரும்ப ஒட்டவைக்க முடியாது. கன்னத்தில் குத்திய பச்சை மாதிரி. செய்தி கசிந்து கூச்சல் எழுந்தபோது, ஃபியூஸ் எரிந்ததற்காகவே வாரண்டியை மறுக்க மாட்டோம், ஓவர்கிளாக்கால் வந்த சேதத்துக்கு மட்டும்தான் மறுப்போம் என்று ஏஎம்டி தெளிவுபடுத்தியது. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் வாரண்டிச் சட்டத்தின் உயிர்நாடி. பொருளை மாற்றியது ஒரு விஷயம். மாற்றியதால்தான் பழுதானது என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் சட்டம் இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. எங்கள் பாகம்தான் போட வேண்டும், எங்கள் ஆள்தான் திறக்க வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடக் கூடாது. ‘ஸ்டிக்கரைப் பிரித்தால் வாரண்டி ரத்து’ என்று ஒட்டுவதைக் கண்டித்து அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2018இல் அசுஸ், சோனி, மைக்ரோசாப்ட் உள்ளிட்ட ஆறு நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. 2024இல் கிராபிக்ஸ் அட்டை செய்யும் ஜிகாபைட், சோட்டாக் போன்றவற்றுக்கும் போனது. ஆனால் இந்தச் சட்டம் ஓவர்கிளாக்காரருக்கு வெண்சாமரம் வீசவில்லை. விசிறியைத் துடைக்கத் திறந்தவரைக் காக்கும். வோல்ட்டை ஏற்றிச் சுட்டவரை, சுட்டது அதனால்தான் என்று நிறுவனம் காட்டினால், காக்காது.

நம் ஊரிலும் இந்தக் கேள்வி வேறு உருவில் வந்திருக்கிறது. வெளி மெக்கானிக்கிடம் விட்டால் வாரண்டி போய்விடும் என்ற நிபந்தனை, உதிரிபாகத்தை வெளியே விற்காதது ஆகியவற்றுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. லேப்டாப்புக்கு அப்படியொரு பெரிய வழக்கு வந்ததாக என் நினைவில் இல்லை.

பூட்டு எப்போதும் நிறுவனத்தின் கஞ்சத்தனத்தால் மட்டும் வருவதில்லை. சூட்டைக் குறைக்க விரும்பும் லேப்டாப்காரர்கள் ஓவர்கிளாக்குக்கு நேரெதிராக ஒன்று செய்வார்கள். விசில் வேகத்தைத் தொடாமல் வோல்ட்டை மட்டும் கொஞ்சம் இறக்குவார்கள். அண்டர்வோல்ட்டிங். வோல்ட்டின் வர்க்கம் என்ற விதி இப்போது நம் பக்கம். எட்டு சதவீதம் இறக்கினால் மின்செலவு பதினைந்து சதவீதம் குறையும். வாட் வரம்பில் முட்டி நிற்கும் லேப்டாப்பில் அந்த மிச்சத்தைச் சிப் தானே வேகமாக மாற்றிக்கொள்ளும். சூடும் குறையும், வேகமும் கூடும். இன்னொரு கோணத்தில் பார்த்தால், கிராபிக்ஸ் சிப்புக்கு நூறு மெகாஹெர்ட்ஸ் கூட்டும் அந்தக் குமிழும் செய்வது இதைத்தான். அதே வோல்ட்டில் கூடுதல் வேகம் என்றாலும், அதே வேகத்துக்குக் குறைந்த வோல்ட் என்றாலும் கையிருப்பு ஒன்றுதான். 2015இல் ஆயுள் குறையும் என்று பூட்டப்பட்டது இதுதான் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

2019 டிசம்பரில் அண்டர்வோல்ட்டிங்குக்கும் பூட்டு விழுந்தது. பிரிட்டனின் பர்மிங்காம், ஆஸ்திரியாவின் கிராட்ஸ், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். அன்றைய இன்டெல் சிப்புக்குள் எஸ்ஜிஎக்ஸ் என்றோர் இரும்புப் பெட்டகம் இருந்தது. இயங்குதளமே எட்டிப்பார்க்க முடியாத இடம். சரியான கணத்தில் வோல்ட்டை மட்டும் கொஞ்சம் இறக்கி, பெட்டகத்துக்குள் நடக்கும் ஒரு பெருக்கல் கணக்கைத் தப்பாக்கி, அந்தத் தப்பான விடையிலிருந்து ரகசியச் சாவியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சட்டியைத் தட்டிவிட்டு, சிந்திய கலவையை வைத்து வீட்டின் வரைபடத்தைச் சொல்வது மாதிரி. இன்டெல் பயாஸ் மேம்படுத்தல் வழியாக அந்த வழியை அடைத்தது. எஸ்ஜிஎக்ஸ் என்ற பெயரைக்கூடக் கேள்விப்படாத, கேம் மட்டும் ஆடும் எத்தனையோ பேர் அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு தங்கள் லேப்டாப் ஏன் மறுபடி சுடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

கையிருப்பைப் பயனர் தின்றுவிடுவார் என்ற பயத்துக்கு நடுவே, நிறுவனமே தின்ற கதை 2024இல் வந்தது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சிப்கள் 6 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுப் பெருமை பேசின. உச்ச வேகச் சிப்களை வைத்திருந்தவர்களின் கேம்கள், ஓவர்கிளாக் எதுவும் செய்யாமலே, மாதக்கணக்கில் காரணம் தெரியாமல் விழுந்துகொண்டிருந்தன. முதலில் மதர்போர்டுக்காரர்களின் தாராளமான மின் அமைப்புகள் மேல் பழி போனது. அதிலும் உண்மை இருந்தது. ஜூலையில் இன்டெல், சிப் தேவைக்கு மேல் வோல்ட் கேட்டுக்கொண்டிருக்கிறது, கேட்க வைப்பது சிப்புக்குள் ஓடும் தங்கள் சொந்தக் கட்டளைத் தொகுப்பான மைக்ரோகோடுதான் என்று ஒப்புக்கொண்டது. வரிசையில் தளர்ந்துபோனது சட்டி தூக்கும் ஆள்கூட இல்லை, விசில் ஒலியைக் கடத்தும் கிளாக் சுற்று. ஆகஸ்டில் உச்ச வோல்ட்டை 1.55க்குள் அடக்கும் திருத்தம் வந்தது. ஏற்கெனவே தேய்ந்த சிப்பை எந்தத் திருத்தமும் குணமாக்காது என்பதால் வாரண்டியை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டினார்கள். லேப்டாப் சிப்களுக்கு இந்தக் கோளாறு இல்லை என்றார்கள். விசிலை அதிகம் ஊதியது மேஸ்திரி என்றால் யாருடைய வாரண்டியை யார் ரத்து செய்வது?

என் சொந்த லேப்டாப்புக்கு இரண்டாண்டு வாரண்டி. இரண்டாம் ஆண்டில் விசிறி ஜெட் விமானமாகக் கத்தியபோது சர்வீஸ் சென்டருக்குப் போனேன். உள்ளே சுத்தம் செய்வது வாரண்டியில் வராது, வெளியே திறந்தால் வாரண்டி இருக்காது என்றார்கள். இரண்டு வாக்கியங்களையும் ஒரே ஆள், ஒரே மூச்சில் சொன்னார். ஒரு திருகின் தலையில் சின்ன ஸ்டிக்கர் இருந்தது. மென்பொருளில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, கீழே இரண்டு தடி அகராதிகளை முட்டுக்கொடுத்து ஒப்பேற்றினேன். வாரண்டி முடிந்த மறுவாரம் தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரத் தம்பி ஸ்டிக்கரை நகத்தால் கீறி எறிந்துவிட்டுப் பதினோரு திருகையும் கழற்றினார். விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துணி மாதிரி எதையோ இடுக்கியால் பிடித்து இழுத்தார். ஒரே துண்டாக வந்தது. தூசி. சாம்பல் நிறத்தில், தையல்காரர் பட்டையாக வெட்டிக்கொடுத்த மாதிரி. சிப்பின் மேல் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து விபூதியாக உதிர்ந்தது.

“எத்தனை வருஷமா சார் தொறக்கல?”

“வாரண்டி இருந்துச்சுப்பா.”

“அதான் இப்டி இருக்கு” என்று சொல்லி, பேஸ்ட் டியூபை எடுத்துப் பட்டாணி அளவு பிதுக்கினார். நானூறு ரூபாய் வாங்கினார். வீட்டுக்கு வந்து அதே கேமை அதே இடத்திலிருந்து ஓட்டினேன். முன்பு 94 டிகிரியில் முட்டி வேகம் இறங்கிக்கொண்டிருந்த சிப் 81இல் நின்றது. நான் எந்தக் குமிழையும் தொடவில்லை, வேகம் முன்பைவிட இருநூறு மெகாஹெர்ட்ஸ் மேலே இருந்தது. அகராதிகள் இரண்டும் அலமாரிக்குத் திரும்பின.